திருகோணமலையில் ஒரு சிங்கிள் மால்ட் மாலை: எங்கே சறுக்குகிறது?

சிங்கிள் மால்ட் விஸ்கியைச் சுவைப்பது எப்படி என்று சொல்லும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் குளிர்நாட்டுக்காரர்களுக்கு எழுதியவை. “அறை வெப்பநிலையில் பரிமாறுங்கள்” என்று அவர்கள் சொல்லும்போது அந்த அறை 18, 20 பாகையில் இருக்கிறது. ஆனி, ஆடி மாதத்துத் திருகோணமலையில் மின்விசிறியை முழு வேகத்தில் விட்டாலும் அறை 30க்குக் கீழே இறங்க மறுக்கும். விஸ்கி, சீஸ், சுவரில் சில ஓவியங்கள் என்று நண்பர்களை அழைத்து ஒரு மாலையை ஏற்பாடு செய்யும்போது நடக்கும் தவறுகளில் பாதி, இந்தப் பத்துப் பன்னிரண்டு பாகை வித்தியாசத்தை மறப்பதால் வருகிறது.

இடத்திலிருந்தே பார்ப்போம். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது உப்புவெளியோ நிலாவெளியோ, கடலைப் பார்த்தபடி ஒரு மேசை. படம் எடுக்க அழகு, மூக்குக்குப் பாழ். விஸ்கியில் சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு மணம்தான். கச்சான் வீசும் மாதங்களில் கிளாஸுக்குள் எழும் மணத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். கையில் எஞ்சுவது சாராய நெடியும் கொஞ்சம் மணலும். கதவைச் சாத்தி ஏசி போட்ட அறையில் சுவைத்து முடித்துவிட்டு, அப்புறம் கடற்கரைக்குப் போங்கள். கடல் எங்கும் போகாது.

அறைக்குள் வந்தாலும் மூக்குக்கு வேறு எதிரிகள் இருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு நுளம்புத்திரி கொளுத்துவது நம் வீடுகளில் அனிச்சையாக நடக்கும் காரியம். ஸ்கொட்லாந்தின் ஐலாத் தீவில் வடிக்கும் லாஃப்ரோய்க், ஆர்ட்பெக், லாகவூலின் போன்ற விஸ்கிகளின் அடையாளமே முற்கரிப் புகை, அதாவது சதுப்பில் மட்கிய தாவரங்களாலான பீட்டை எரிக்கும் புகை. முளைவிட்ட பார்லியை அந்தப் புகையில் காயவைப்பதால் வருவது. நுளம்புத்திரிப் புகைக்குள் உட்கார்ந்து அதை முகர்ந்தால் எது போத்தலிலிருந்து வருகிறது, எது மூலையிலிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. சாம்பிராணி, தலைவலித் தைலம், அத்தர், வரவேற்பு மேசையில் வைக்கும் மல்லிகை எல்லாம் இதே கணக்குத்தான். வாசனை பூசாமல் வரும்படி விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். ஜன்னலுக்கு வலை அடியுங்கள், திரியை அணையுங்கள்.

பலரும் கவனிக்காத இன்னொன்று ஓவியத்தின் மணம். புதிதாக முடித்த எண்ணெய் வண்ண ஓவியத்திலிருந்து டர்பன்டைனும் எண்ணெயும் வாரக்கணக்கில் மணக்கும். நேற்று வார்னிஷ் பூசிய சட்டகம் அதைவிட மோசம். அன்று மாலைக்கு நன்றாகக் காய்ந்த பழைய படைப்புகளோ நீர்வண்ணமோ அச்சோவியமோ போதும்.

இனி சூடு. சாராயத்தில் உள்ள எத்தனால் வெப்பத்தில் வேகமாக ஆவியாகி மூக்கை எரிக்கும், பழ மணமும் தேன் மணமும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதற்காக ஐஸ் போடுவது அடுத்த தவறு. குளிர் மிஞ்சினால் மணம் அடங்கிவிடும், தயாரிப்பின்போது குளிரவைத்து வடிகட்டாத விஸ்கி கலங்கியும் போகும். போத்தலை இருபது நிமிடம் பிரிட்ஜில் வைத்து எடுத்தால் போதும். பிறகு ஒரு சிறு கரண்டியால் சில துளி தண்ணீர். 2017இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் காட்டியது இது: விஸ்கியை நீர்க்கச்செய்யும்போது புகைமணத்துக்குக் காரணமான குவயகோல் மூலக்கூறுகள் திரவத்தின் மேற்பரப்புக்கு வருகின்றன. ஆகவே தண்ணீர் விடுபவரைப் பார்த்து முகம் சுளிக்கும் நிபுணரை அடுத்த முறை அழைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் போத்தல் தண்ணீராக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரின் குளோரின் மணமோ கடலோரக் கிணற்றின் உவர்ப்போ அத்தனை செலவையும் வீணாக்கிவிடும்.

கிளாஸைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை: அடி பருத்து வாய் குறுகியது எதுவானாலும் சரி, பிளாஸ்டிக் கோப்பை வேண்டாம்.

அளவில் கை தாராளமாவது நம் விருந்தோம்பலின் குணம், இங்கே அது குறை. நான்கு வகை, ஒவ்வொன்றிலும் 15 மில்லிலீற்றர். எட்டுப் பேருக்கு ஒரு வகையில் 120 மில்லிலீற்றர்தான் போகும், 700 மில்லிலீற்றர் போத்தலில் முக்கால்வாசிக்கு மேல் மிஞ்சும். ஆளுக்கொரு போத்தல் வாங்கத் தேவையில்லை, நான்கு பேர் சேர்ந்து நான்கு போத்தல் எடுத்தால் இன்னும் பல மாலைகளுக்கு வரும். வரிசை மென்மையிலிருந்து புகைக்கு: ஸ்கொட்லாந்தின் ஸ்பேசைட் பக்கத்து கிளென்லிவெட் போன்ற ஒன்று, ஷெரி வைன் பீப்பாயில் முதிர்ந்த ஒன்று, கடைசியில் ஐலா. ஐலாவை முதலில் ஊற்றினால் மற்றவை தண்ணீராகத் தெரியும்.

நான்கில் ஒன்று ஸ்கொட்லாந்துக்கு வெளியே இருந்து வரட்டும். ஒரே வடிசாலையில், முளைவிட்ட பார்லியை மட்டும் கொண்டு வடித்தது சிங்கிள் மால்ட். அதற்கு ஸ்கொட்லாந்துக் கடவுச்சீட்டு தேவையில்லை. பெங்களூரின் அம்ருத் 2004இல் கிளாஸ்கோவிலேயே போய் அறிமுகமானது. ஸ்கொட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு இரண்டு வீதம் அளவில் ஆவியாகிறது, பெங்களூர் வெயிலில் அது பல மடங்கு. விஸ்கி விரைவாக முதிர்வதும் அதே வெயிலால்தான். இதைக் கேட்டபின் போத்தலில் உள்ள வயதை மட்டும் பார்த்து மதிப்பிடும் பழக்கம் கொஞ்சம் ஆட்டம் காணும்.

சீஸில்தான் செலவும் ஏமாற்றமும் அதிகம். வெள்ளித்தாளில் சுற்றிய முக்கோணத் துண்டுகள் குழந்தைகளின் பாணுக்கு நல்லவை; விஸ்கியோடு அவை வாயில் ஒட்டும், வேறொன்றும் செய்யா. கொழும்பிலிருந்து பிரீ என்னும் மென்மையான சீஸ் வாங்கி வந்தால் 260 கிலோமீற்றர் பாதையில் ஐஸ் பெட்டி இல்லாமல் அது கஞ்சியாகிவிடும். நம் ஊருக்குக் கெட்டியான வகைகளே தோது: நன்கு முதிர்ந்த செடார், கௌடா. ஷெரி பீப்பாய் விஸ்கிக்கு இவை, புகை விஸ்கிக்கு உப்பான நீலச் சீஸ். சீஸின் கொழுப்பு நாக்கில் படிந்து சாராயத்தின் காரத்தைத் தணிக்கிறது, அதனால்தான் இந்த இணை வேலை செய்கிறது. முதல் மிடறு விஸ்கியைத் தனியாக, பிறகு சீஸ், பிறகு மறுபடி விஸ்கி. பிரிட்ஜிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே எடுத்துவைக்கச் சொல்வார்கள். இங்கே கால் மணி நேரம் போதும், அதற்கு மேல் எண்ணெய் வியர்க்கும்.

இறக்குமதிச் சீஸ் கிடைக்காவிட்டால் கவலையில்லை. தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரைத் துணியில் கட்டி ஓர் இரவு தொங்கவிட்டு, சிட்டிகை உப்புப் போட்டால் மென்மையான ஸ்பேசைட்டுக்கு நன்றாகவே பொருந்தும். பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. என்னைக் கேட்டால் சுமாரான பிரீயைவிட இது மேல். டெவல் இறாலும் மிளகாய் தூவிய கச்சான் கடலையும் மட்டும் சுவைத்து முடிந்த பிறகு வரட்டும்.

சைவ உணவுக்காரர் வருகிறார் என்றால் சீஸின் பொதியைப் படியுங்கள். சிலவற்றில் பாலை உறையவைக்க கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரெனெட் சேர்கிறது. அசல் பார்மிஜானோவில் அது கட்டாயம். முஸ்லிம் நண்பர்களுக்கும் இதைச் சொல்லிவிடுவது மரியாதை. குடிக்காதவருக்கு ஒரு சோடாப் போத்தலை நீட்டி மூலையில் உட்காரவைப்பது அநியாயம். நல்ல மலைநாட்டுத் தேயிலையில் இரண்டு வகை, பால் இல்லாமல், அதே சீஸோடு வையுங்கள்.

ஓவியத்துக்கு வருவோம். பொன்னிற ஓவியத்துக்குப் பொன்னிற விஸ்கி என்று நிறம் பார்த்து இணைப்பது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பொருள் இல்லை. ஸ்கொட்ச்சில் நிறத்துக்காகக் கருக்கிய சீனிச் சாயம் சேர்க்கச் சட்டமே இடமளிக்கிறது, நீங்கள் இணைப்பது அந்தச் சாயத்தோடாகவும் இருக்கலாம். இருபது படங்களைத் தொங்கவிடுவதும் வேண்டாம். மூன்று போதும், முதல் துளி ஊற்றுமுன் அவற்றைப் பார்த்துப் பேசிவிடுங்கள். மூன்றாவது கிளாஸுக்குப் பின் யாரும் சுவரைப் பார்ப்பதில்லை. 1808இல் வெளிவந்த, ஆங்கிலேய ஓவியர் சாமுவேல் டேனியலின் இலங்கைக் காட்சிகளில் திருகோணமலைத் துறைமுகமும் உண்டு. அதன் நகல் ஒன்றுக்குப் பக்கத்தில் இன்றைய இளைஞர் ஒருவர் வரைந்த அதே துறைமுகத்தை வைத்தால் பேச்சு தானாகவே வரும். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் படித்தவர்கள் கிழக்கு முழுக்க இருக்கிறார்கள். படத்தை இரவல் கேட்டால் வாடகையும் ஏற்றிவரும் செலவும் கொடுங்கள். “நாலு பேர் பார்ப்பார்கள் தம்பி” என்பது கூலி ஆகாது.

நாள் குறிக்கும்போது நாட்காட்டியைப் பாருங்கள். போயா தினத்தில் மது விற்பனை இல்லை, கடைசி நிமிடத்தில் ஒன்றும் வாங்க முடியாது. வெள்ளிக்கிழமையும் கோணேசர் கோயில் திருவிழாக் காலமும் நோன்பு மாதமும் இந்த ஊரில் யாரையாவது சங்கடப்படுத்தும். தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கினால் அது அனுமதிப்பத்திரம் இல்லாத விற்பனையாகிவிடலாம். வீட்டு விருந்தாகவே வையுங்கள், அல்லது அனுமதி உள்ள ஹோட்டலில் நடத்துங்கள். மதுபான விளம்பரத்தையும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பதையும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. ஆகவே போத்தல் படம் போட்ட முகநூல் அழைப்பு வேண்டாம், தொலைபேசியில் கூப்பிடுங்கள். போகும்போது ஓட்டோ யார் யாருக்கு என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

மிஞ்சிய போத்தல்களைக் கண்ணாடி அலுமாரியில் வெயில் படும்படி அடுக்கவேண்டாம். நிமிர்த்தி, இருட்டில், வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதைச் சின்னப் போத்தலுக்கு மாற்றி, சில மாதங்களுக்குள் முடித்துவிடுங்கள்.