பழைய காரின் சில்லுச் சத்தம்: பாகம் மாற்றுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை வீதிகளில் இருபது, இருபத்தைந்து வயதைக் கடந்த கொரோலா, சன்னி, லான்சர் கார்கள் இன்னும் அன்றாடம் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டதால், விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம் என்று எண்ணியிருந்தவர்களும் இருப்பதையே பழுதுபார்த்து ஓட்டப் பழகிவிட்டார்கள். அப்படிப்பட்ட காரொன்றின் சில்லுப் பக்கத்தில் புதிதாக ஒரு சத்தம் கிளம்பியதும், பெரும்பாலானோர் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தப் பாகம் பழுது?" என்பதாகும். இனி நான் எழுதப்போகும் தவறுகளில் பல இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன. சத்தம் எப்போது வருகிறது, எப்போது அடங்குகிறது என்பது தெரியாமல் பாகத்தின் பெயரைச் சொல்வது நோயைக் கேளாமல் மருந்தெழுதுவதற்கு ஒப்பாகும்.

இதை நான் பணம் கட்டித்தான் கற்றுக்கொண்டேன். என்னுடைய 1990களின் கொரோலா, மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டியதும் தேனீக்கூட்டம் போல ஊம்மென்று இரையத் தொடங்கியது. நான் கராஜுக்குப் போய், "அண்ணன், முன் பெயாரிங் இரையுது" என்று சொன்னேன். பெயாரிங் என்பது சில்லை இலகுவாகச் சுழலவிடும், குண்டுகள் கொண்ட வளையம். அவரும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இடப்பக்க முன் பெயாரிங்கை மாற்றினார், சத்தம் போகவில்லை. அடுத்த வாரம் வலப்பக்கமும் மாற்றப்பட்டது, அப்போதும் போகவில்லை. பின்னர் ஒருநாள் மூதூரிலிருந்து திரும்பும்போது, கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் அந்த இரைச்சலின் குரல் மாறியதைக் கவனித்தேன். 2009இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் 396 மீற்றர் நீளமானது. மணிக்கு 50 கிலோமீற்றரில் சென்றால் அதைக் கடக்க ஏறத்தாழ 28 வினாடிகள் ஆகும். அந்த 28 வினாடிகளும் இரைச்சல் மெலிந்திருந்து, பாலம் முடிந்து வீதியில் இறங்கிய கணமே பழைய குரலுக்குத் திரும்பியது. வேகம் மாறவில்லை, கியர் மாறவில்லை, மாறியது சில்லுக்குக் கீழே இருந்த தரை மட்டுமே.

வீட்டுக்கு வந்து பின் ரயர்களின் மேற்பரப்பைக் கையால் தடவினேன். முன்னிருந்து பின்னாகத் தடவியபோது வழுவழுப்பாக இருந்தது. பின்னிருந்து முன்னாகத் தடவியபோது அரத்தின் பல்லைப் போல ரயர்ப் பூவின் ஒவ்வொரு கட்டையின் விளிம்பும் விரலில் உரசியது. பின் ரயர்களை முன்னுக்கும் முன் ரயர்களைப் பின்னுக்கும் மாற்றிப் பூட்டிய பிறகு சத்தமும் அவற்றோடு முன்பக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. இரைந்தது பெயாரிங் அல்ல, அந்த ரயர்களே. கராஜ்காரர் என்னை ஏமாற்றவில்லை. "முன் பெயாரிங்" என்று நானே தீர்ப்பெழுதிக் கையில் கொடுத்தேன். அவர் அதை நிறைவேற்றினார்.

ஆகவே பெயாரிங்கையும் ரயரையும் குழப்பிக்கொள்வதே மிக அதிகம் செலவு வைக்கும் தவறு என்பேன். இரண்டும் வேகத்தோடு சேர்ந்து உயரும், இரண்டும் இரையும், இரண்டும் எஞ்சினின் சுழற்சியைப் பொருட்படுத்தாது. ஆனால் ரயர்ச் சத்தம் தரையின் தன்மைக்கேற்ப மாறும்: புதிதாகக் காபெற் போட்ட வீதியில் தணிந்து, கற்கள் துருத்திய பழைய தாரில் உரக்கக் கேட்கும். பெயாரிங் எந்தத் தரையிலும் ஏறத்தாழ ஒரே குரலில் பேசும். அது மாறுவது பாரம் மாறும்போதுதான். வெறிச்சோடிய, அகலமான, நேரான வீதியொன்றில் மணிக்கு 40 அல்லது 50 கிலோமீற்றரில் ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமுமாக அசைத்தால், காரின் பாரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சாயும். இங்கேதான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சில்லுகளில் இறங்குகிறது. எனவே இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் கூடினால் பொதுவாகச் சந்தேகிக்க வேண்டியது வலப்பக்கப் பெயாரிங்கையே. "பொதுவாக" என்ற சொல்லை வேண்டுமென்றே இட்டேன். சில பெயாரிங்குகள் இந்த விதியை மீறும் என்பதால், இந்தச் சோதனை ஒன்றை மட்டும் நம்பிப் பாகம் வாங்கக் கூடாது.

ரயரைப் பார்க்கும்போது பூக்கட்டையின் ஆழத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவதும் தவறாகும். பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். குறைவாக ஓடும் பழைய கார்களில் பூ தேயாமலே றப்பர் இறுகிப்போய், அந்த இறுக்கமே இரைச்சலாக வெளிப்படும். ரயர் ஒழுங்கற்றுத் தேய்ந்திருந்தால் அதற்குக் காரணமான அலைன்மென்ட்டையோ களைத்துப்போன ஷொக் அப்சோபரையோ கவனிக்காமல் புது ரயர் பூட்டினால், சில ஆயிரம் கிலோமீற்றரில் அதே சத்தத்தைப் புது ரயரிலும் கேட்கலாம்.

சத்தம் எஞ்சினிலிருந்தா சில்லிலிருந்தா வருகிறது என்று பிரித்தறிய, அதே வேகத்தில் கியரை மாற்றிப் பார்ப்பதே போதுமானது. எஞ்சினின் சுழற்சி மாறியும் சத்தம் மாறாவிட்டால் அது பெரும்பாலும் சில்லுப் பக்கத்தைச் சேர்ந்தது. சிலர் இதற்காக ஓடும் காரின் சாவியையே திருகி எஞ்சினை நிறுத்திவிடுகிறார்கள். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி அதோடு நின்றுபோகும். சாவி ஒரு படி கூடுதலாகத் திரும்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். ஒரு சத்தத்தை அறிவதற்காக ஒருபோதும் இதைச் செய்யக் கூடாது.

சத்தம் வரும் திசையைச் சாரதி ஆசனத்திலிருந்தே முடிவுசெய்வது அடுத்த தவறு. காரின் தகடும் கூடும் சத்தத்தைக் கடத்துவதால் பின் சில்லின் இரைச்சல் டாஷ்போர்ட்டுக்கு அடியிலிருந்து வருவதாகக் காதுக்குத் தோன்றும். என் விடயத்தில் நடந்ததும் அதுவே. இன்னொருவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின் ஆசனத்தில் முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் அமர்ந்து கேட்பது நல்லது. பக்கத்தில் மதிலொன்று இருந்தால், கண்ணாடியை இறக்கிவிட்டு அதை ஒட்டி மெதுவாகச் செல்லும்போது, மதில் அந்தப் பக்கச் சில்லின் சத்தத்தைத் திருப்பித் தரும். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது பிரெட்றிக் கோட்டையின் கல்வாயிலுக்குள் நுழையும் அந்தச் சில வினாடிகளில், வெளியே கேட்காத பிரேக் கீச்சொலி ஒன்று எனக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. உள்ளே மான்கள் குறுக்கே நடப்பதால் எப்படியும் ஊர்ந்துதான் போகவேண்டும். காதைத் தீட்டிக்கொள்ள அது வசதியாகவும் இருக்கிறது.

பிரேக் சத்தங்களில் இரண்டு எதிரெதிரான தவறுகள் நடக்கின்றன. மழை பெய்த இரவுக்குப் பிறகு காலையில் காரை எடுக்கும்போது பிரேக் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு உரசிக் கரகரக்கும். நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் அது துடைபட்டுப் போகும். கடற்காற்று வீசும் நமது ஊரில் இது சாதாரணம். இதற்குப் பயந்து, டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் நல்ல பிரேக் பாட்களைக் கழற்றி எறிபவர்கள் உண்டு. மாறாக, பாட் முழுவதும் தேய்ந்து இரும்பும் இரும்பும் அரைபடும் சத்தத்தையும் "மழைத்துரு" என்று தட்டிக்கழித்து, இறுதியில் டிஸ்க்கையும் சேர்த்து மாற்றியவர்களும் உண்டு. இவற்றைப் பிரித்தறிவது கடினமன்று: துரு பத்து நிமிடத்தில் போய்விடும், அரைபடும் சத்தம் போகாது. பல பாட்களில் தேய்வை அறிவிக்கும் சிறிய தகடு ஒன்று இருக்கிறது. தடிப்பு குறைந்ததும் அது டிஸ்க்கில் உரசி வீச்சென்று கூச்சலிடும். அந்தக் கூச்சலை அடக்க எண்ணெயோ ஸ்பிரேயோ அடிப்பதைப் போன்ற பைத்தியக்காரத்தனம் வேறில்லை. சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும். பாட்களை ஒரு பக்கம் மட்டும் மாற்றவும் கூடாது. ஒரே அச்சின் இரு பக்கங்களிலும் சேர்த்தே மாற்ற வேண்டும். பின் பிரேக் ட்ரம்மைக் கழற்றினால் உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பு.

டிஸ்க்கின் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டுக் கவசத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். உப்புக்காற்றில் அது அரித்து, வளைந்து, டிஸ்க்கைத் தொட்டால் சர்ரென்ற தொடர்ச்சத்தம் எழும். கவசத்துக்கும் டிஸ்க்குக்கும் இடையில் சிக்கிய ஒரு சிறு கல்லும் இதே ஆர்ப்பாட்டத்தைச் செய்யும். பெயாரிங் விலை விசாரிப்பதற்கு முன் சில்லைக் கழற்றி அந்தத் தகட்டை விரலால் அசைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமிடும்போது டிக் டிக் டிக்கென்று கேட்டால் வெளிப்பக்கச் சி.வி. ஜொயின்ட்டை, அதாவது எஞ்சினின் சுழற்சியைச் சில்லுக்குக் கடத்தும் தண்டின் மூட்டை, சந்தேகிக்க வேண்டும். அதன் றப்பர் உறை கிழிந்திருந்தால் கிறீஸ் சிதறிச் சில்லின் உட்பக்கம் கறுப்பாகப் படிந்திருக்கும். உறை கிழிந்ததைக் கண்டும், "சத்தம் இன்னும் வரவில்லைதானே" என்று விட்டுவைப்பது நிலாவெளி, புல்மோட்டைப் பக்கம் மணலில் ஓடும் கார்களுக்கு உகந்ததன்று. சத்தம் வருவதற்கு முன் உறையை மாற்றினால் ஜொயின்ட் தப்பும். டிக்கென்ற ஒலி தொடங்கியபின் புதுக் கிறீஸ் நிரப்பினாலும் தேய்ந்த உலோகம் திரும்ப வளராது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டியதை நான் பிந்திச் சொல்கிறேன்: சில்லின் நட்டுகளைப் பாருங்கள். பஞ்சர் ஒட்டியபின் அல்லது ரயர் மாற்றியபின் வரும் டொக் டொக் என்ற சத்தம், நட்டு தளர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது வீடு வரை ஓட்டிப் பார்ப்போம் என்று நினைப்பது சில்லையே இழக்கும் வழி. நிறுத்தி, எதிரெதிர் வரிசையில் நட்டுகளை இறுக்க வேண்டும். சிறிய ஜப்பானியக் கார்கள் பலவற்றில் இறுக்க அளவு ஏறத்தாழ 100 நியூட்டன் மீற்றர் ஆகும். சில்லுக் கழற்றிப் பூட்டிய ஒவ்வொரு முறையும் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி சரிபார்ப்பது நல்ல வழக்கம். நட்டுகள் சரியாக இருந்து, மெதுவாகப் போகும்போது மட்டும் கலகலவென்று கேட்டால், வீல் கப்புக்குள் ஒரு கல் உருண்டுகொண்டிருக்கலாம். அதைச் சிரித்துக்கொண்டே எடுத்தெறியலாம்.

ஜக்கில் ஏற்றிச் சில்லைச் சுழற்றியபோது சத்தம் வரவில்லை என்பதால் பெயாரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்வதும் தவறே. அந்தரத்தில் தொங்கும் சில்லில் காரின் பாரம் இல்லை. பாரத்தில் இரையும் பெயாரிங் அங்கே ஊமையாகிவிடும். அதற்குப் பதிலாக, கையால் சில்லைச் சுழற்றிக்கொண்டே மறுகையைச் சஸ்பென்ஷன் சுருளின் மேல் வையுங்கள். பழுதான பெயாரிங்கின் சொரசொரப்பு அந்தச் சுருளின் வழியே உள்ளங்கைக்கு வரும், மணலைத் தடவுவது போல. பிறகு சில்லை 12 மணி, 6 மணி நிலைகளில் பிடித்து உலுப்ப வேண்டும். ஆட்டம் தெரிந்தால், உள்ளே ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் உலுப்புங்கள்: ஆட்டம் மறைந்தால் பெயாரிங், மறையாவிட்டால் போல் ஜொயின்ட் போன்ற வேறு மூட்டு. 9 மணி, 3 மணி நிலைகளில் மட்டும் வரும் ஆட்டம் பெரும்பாலும் ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் டை ரொட்டின் முனையைச் சுட்டும். ஜக்கை மட்டும் நம்பி இவற்றைச் செய்யாமல், கீழே ஸ்டாண்ட் வைத்து, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்த பின்பே கைவைக்க வேண்டும்.

மாரிக்காலத்தில் வெள்ளம் தேங்கிய வீதியில் ஓட்டிய காரின் பெயாரிங் அன்றே சத்தமிடுவதில்லை. நீண்ட ஓட்டத்தில் சூடான பெயாரிங் திடீரெனத் தண்ணீரில் இறங்கிக் குளிர்ந்தால், தேய்ந்த சீல் வழியாக ஈரம் உள்ளே இழுபடும். துருவும் இரைச்சலும் வாரங்கள் கழித்தே வரும். எனவே தையில் வரும் இரைச்சலுக்குக் காரணத்தைக் கார்த்திகையில் தேட வேண்டியிருக்கலாம். பெயாரிங் உண்மையிலேயே போய்விட்டது என்று உறுதியானால், கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து கழற்றிய பழையதை வரவழைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். அது எவ்வளவு ஓடியது என்பதை யாராலும் சொல்ல முடியாது. புதியதைச் சுத்தியலால் அடித்து ஏற்றவும் விடாதீர்கள். ஒவ்வோர் அடியும் குண்டுகள் ஓடும் பாதையில் ஒரு பள்ளத்தை விடக்கூடும். பிறஸ்ஸில் வைத்து, அழுத்தம் சரியான வளையத்தில் விழும்படி ஏற்றுவதே முறை. பிற்காலக் கார்கள் சிலவற்றின் பெயாரிங்கில், பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். சென்சருக்கான காந்த வளையம் ஒரு பக்கத்தில் இருக்கும். திருப்பிப் பூட்டினால் சத்தம் போகும், எச்சரிக்கை விளக்கு வரும். பிரேக் பாட்டைப் போலப் பெயாரிங்கைச் சோடியாக மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

இப்போதெல்லாம் கராஜுக்குப் போகும்போது நான் பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை. ஒரு துண்டுக் கடதாசி கொண்டுபோகிறேன். கடைசியாகக் கொண்டுபோனதில் இவ்வளவுதான் இருந்தது: "காலையில் முதல் 200 மீற்றர் மட்டும். வலப்பக்கப் பின் சில்லு என்று பின் ஆசனத்தில் இருந்து கேட்டது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை உரசுகிறது. கைபிரேக்கை ஒரு பல் இழுத்தால் கூடுகிறது. தரை மாறினாலும் மாறவில்லை. நட்டுகள் இறுக்கம்." அண்ணன் அதை இரண்டு முறை வாசித்தார். காரை ஓட்டிப் பார்க்கவில்லை, பெயாரிங் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நேரே போய் வலப்பக்கப் பின் ட்ரம்மைக் கழற்றினார்.