செய்திச் சேனலை அணைக்க முடியவில்லையா? நாம் செய்யும் தவறுகள்

2019 தீபாவளி எங்கள் வீட்டில் டிவி முன்னால்தான் கழிந்தது. மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தது அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மாலை. ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு எல்லோரும் நேரலை முன்னால் உட்கார்ந்திருந்தோம். பட்டாசு டப்பாவை யாரும் பிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடியும் முன்பு உடலைத்தான் எடுத்தார்கள்.

அந்த நாட்களிலேயே தூத்துக்குடியில் ஒரு பெற்றோர் இதே மீட்பு நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை குளியலறைத் தண்ணீரில் மூழ்கி இறந்துபோனது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே நேரம் அதே காட்சியைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அக்கறை என்று நினைப்பது, நாம் செய்யும் முதல் தவறு. டிவியை அணைத்தால் அந்தக் குழந்தையைக் கைவிட்டுவிட்ட மாதிரி அன்று இருந்தது. ஆனால் மூன்று நாளுக்கு மேல் ஓடிய அந்த நேரலையில் செய்தி என்று வந்தது எவ்வளவு? 26 அடியில் இருந்த குழந்தை 88 அடிக்கு இறங்கிவிட்டது. துளையிடும் ரிக் இயந்திரம் வந்தது. பாறை உடையவில்லை. இன்னொரு ரிக் வந்தது. கடைசியில் அந்தத் துயரச் செய்தி. ஒரு தாளில் ஐந்து வரி. மீதி நேரம் முழுக்க நாம் செய்தது காத்திருப்பு.

இந்தக் காத்திருப்புதான் ஆளைக் கட்டிப்போடுகிறது. எப்போது வரும் என்று தெரியாத பஸ்ஸுக்கு நிற்பவர் நிமிடத்துக்கு ஒரு தடவை ரோட்டை எட்டிப் பார்ப்பார். 7.15-க்கு வரும் என்று தெரிந்தவர் டீக்கடையில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். அந்தக் காலத்தில் தில்லியிலிருந்து ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி காலை 7.15-க்கு வரும். பத்து நிமிடம் கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். இப்போது அடுத்த செய்தி இந்த நொடியே வரலாம், ஒரு மணி நேரம் வராமலும் போகலாம். அதனால் கை போனுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. மன உறுதி குறைவு என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். செய்திக்கு மறுபடியும் ஒரு நேரம் வையுங்கள், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. செய்தி ஆப்களின் நோட்டிஃபிகேஷனை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

முதலில் வருவதை நம்பிவிடுவது அடுத்தது. 2016 டிசம்பர் 5 மாலை ஞாபகம் இருக்கிறதா? ஜெயலலிதா இறந்துவிட்டார் என்று சில சேனல்கள் சொல்லிவிட்டன. கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கி, மறுபடியும் ஏறியது. மருத்துவமனை மறுத்தது. இரவு 11.30-க்கு அவர் காலமானார் என்ற அறிவிப்பு வந்தது நள்ளிரவுக்கு மேல். அன்று மாலை முதல் விடாமல் பார்த்தவருக்குக் கிடைத்தது ஆறேழு மணி நேரக் குழப்பம். காலையில் பேப்பரைப் பிரித்தவருக்கு நடந்தது என்ன என்று தெளிவாகத் தெரிந்தது.

‘முழுசாகத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும்’ என்று இன்னும் பார்ப்பதும் தவறுதான். 2013-இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாக ஆய்வாளர்கள் மக்களிடம் விசாரித்தார்கள். குண்டுவெடிப்பு இடத்தில் நேரில் இருந்தவர்களைவிட, அடுத்த வாரம் முழுக்க தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளிலேயே மூழ்கியிருந்தவர்கள் அதிகமான மன அழுத்தத்தைச் சொன்னார்கள். கொரோனா காலத்தில் மாலையானால் மாவட்டவாரி எண்ணிக்கைக்காகக் காத்திருந்தோமே, அதைப் பார்த்த பிறகு யாருக்காவது நிம்மதியாகத் தூக்கம் வந்ததா?

இரவு விவாத நிகழ்ச்சியைச் செய்திக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதில் புதுத் தகவல் வருவது அபூர்வம்.

கடைசியாக ஒன்று, இதில்தான் வீடுகளில் சண்டை வருகிறது. பெரியவர்களிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்குவது. அப்பா ரிட்டையர் ஆன பிறகு, எங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கே சேனல் ஓட ஆரம்பித்தது. “எந்நேரமும் இது என்னப்பா?” என்று ஒருநாள் கோபத்தில் அணைத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். வீட்டில் நாங்கள் எல்லோரும் அவரவர் வேலையில் ஓடும்போது அவரோடு பகல் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த குரல் அது ஒன்றுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேச்சுத்துணையை எடுத்துவிட்டு வெறும் வீட்டைக் கொடுத்தால் யாரால் இருக்க முடியும்?

இப்போது பேப்பர் வீட்டுக்கு வருவதில்லை. காலையில் அவரே கடைக்கு நடந்துபோய் வாங்கி வருகிறார், வழியில் நாலு பேரிடம் பேச்சும் ஆகிறது. இரவு எட்டு மணிச் செய்தியை நாங்கள் இருவரும் சேர்ந்து பார்க்கிறோம். எட்டரைக்கு அவரே அணைத்துவிட்டு, “சாப்பிடலாமாடா?” என்கிறார். புயல் கரையைக் கடக்கும் நாள் என்றால் மட்டும் ஒன்பது வரை ஓடும், அன்று நானும் கூடவே உட்கார்ந்திருப்பேன்.