ஐரோப்பிய இளைஞர்களின் ராணுவ விருப்பம்: கருத்துக்கணிப்புச் செய்திகளை வாசிக்கும் முறை

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது முழு அளவில் படையெடுத்ததிலிருந்து, ஐரோப்பிய இளைஞர்கள் நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவார்களா என்று கேட்கும் கருத்துக்கணிப்புகள் அடிக்கடி செய்தியாகின்றன. தலைப்பில் வரும் சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறைக்கே கோழைப் பட்டமோ வீரப் பட்டமோ சூட்டுவதற்கு முன், சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

முதலில், கேள்வியின் முழு வாசகத்தைத் தேடிப் படியுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். 2015-இல் வெளியான ஒரு பன்னாட்டுக் கணிப்பு, ‘உங்கள் நாடு ஈடுபடும் ஒரு போர் மூண்டால் நாட்டுக்காகப் போரிட நீங்கள் தயாரா’ என்று கேட்டது. பின்லாந்தில் 74 சதவீதத்தினரும் ஜெர்மனியில் 18 சதவீதத்தினரும் நெதர்லாந்தில் 15 சதவீதத்தினரும் ஆம் என்றனர். அந்தக் கேள்வியில் போரைத் தொடங்கியவர் யார், அது எங்கே நடக்கிறது என்பதற்கான குறிப்பே இல்லை. பின்லாந்து அரசின் பாதுகாப்புத் தகவல் ஆலோசனைக் குழுவோ, நாடு தாக்கப்பட்டால், முடிவு நிச்சயமில்லாத நிலையிலும் பின்லாந்து மக்கள் ஆயுதமேந்தித் தற்காக்க வேண்டுமா என்று நெடுங்காலமாகக் கேட்டு வருகிறது. ‘நீங்கள் போவீர்களா’ என்பதும் ‘மக்கள் போக வேண்டுமா’ என்பதும் ஒன்றல்ல. இவ்விரு கேள்விகளின் விடைகளையும் ஒரே வரைபடத்தில் அடுக்கும் கட்டுரையை நம்ப வேண்டியதில்லை.

அடுத்து, பதில் சொன்னவர்களின் வயதைப் பாருங்கள். ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பில் 18 முதல் 24 வயதுக்குள் இருப்பவர்கள் ஏறக்குறைய நூறு பேர்தான் இருக்கக்கூடும். அந்த நூறு பேரின் விடையில் பத்துச் சதவீதப் புள்ளிகள் வரை கூடவோ குறையவோ இடமுண்டு. கட்டாய ராணுவச் சேவைக்குப் போக வேண்டியவரும் போகச் சொல்பவரும் ஒருவரே அல்லர் என்பதையும் மறக்க வேண்டாம். ஆஸ்திரியாவில் 2013 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் கட்டாயச் சேவை நீடிக்க வாக்களித்தபோது, 30 வயதுக்குட்பட்டவர்களில் பெரும்பான்மையினர், விரும்பிச் சேர்ந்து ஊதியம் பெறுபவர்களைக் கொண்ட தொழில்முறைப் படையையே விரும்பினர். அங்கே ராணுவத்துக்குப் பதிலாக மருத்துவ ஊர்தியிலும் முதியோர் இல்லத்திலும் ஒன்பது மாதம் பணியாற்றும் குடிமைச் சேவையும் உண்டு. அந்தப் பணியாளர்களை இழந்துவிடுவோமோ என்ற கவலையும் அந்த முடிவில் கலந்திருந்தது.

மூன்றாவதாக, அந்த நாட்டின் நடைமுறையை அறிந்துகொள்ளுங்கள். ரஷ்யாவுடன் சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லையைப் பகிரும் பின்லாந்து கட்டாயச் சேவையை ஒருபோதும் கைவிட்டதில்லை. ஆண்கள் 165, 255 அல்லது 347 நாட்கள் பயிற்சி பெறுகிறார்கள். தந்தையும் அண்ணனும் போய்வந்த இடத்துக்குத் தானும் போவதாகச் சொல்வதில் பெரிய தயக்கம் இராது. ஜெர்மனி 2011-இல் கட்டாயச் சேவையை நிறுத்திவைத்தது. அங்கே இன்றைய இளைஞருக்கு அது கேள்விப்பட்ட செய்தி மட்டுமே.

சொல்லோடு செயலையும் ஒப்பிடுங்கள். 2026 முதல் ஜெர்மனியில் 18 வயதாகும் ஆண்கள் ராணுவம் அனுப்பும் வினாப்படிவத்தை நிரப்புவது கட்டாயம், பெண்களுக்கு அது விருப்பம். சேவையில் சேர்வது இருபாலருக்கும் விருப்பமே. சேர்பவருக்கு பிடித்தங்களுக்கு முன் மாதம் சுமார் 2,600 யூரோ ஊதியம். ஆகவே அங்கே சேர்க்கை கூடினால் அதற்கு நாட்டுப்பற்று மட்டுமே காரணம் என்று கொள்ள முடியாது; ஊதியத்தின் ஈர்ப்பையும் கணக்கில் எடுங்கள். அவ்வாறே, மனச்சாட்சியின் பேரில் ஆயுதச் சேவையை மறுக்கும் உரிமையை அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அளிப்பதால், மறுப்பவரை ஓடி ஒளிபவராகக் கருதுவதும் தவறு.

இறுதியாக, கணிப்பு எடுத்த மாதத்தைக் குறித்துக்கொண்டு, அதே நிறுவனம் அதே கேள்விக்கு முன்பு பெற்ற விடையோடு ஒப்பிடுங்கள். மேலே சொன்ன பின்லாந்துக் குழுவின் கேள்விக்கு 2021 இலையுதிர்காலத்தில் 68 சதவீதத்தினர் ஆம் என்றனர். ரஷ்யாவின் படையெடுப்புக்குப் பின், 2022 மே மாதத்தில், அது 83 ஆனது.