பாய்மரப் படகில் குடும்ப விடுமுறை: கிருஷ்ணகிரியில் இருந்தே தயாராவது எப்படி?

காவேரிப்பட்டணத்தில் வளர்ந்த எனக்குத் தென்பெண்ணையும் கே.ஆர்.பி. அணையும்தான் பெரிய தண்ணீர். போன வருடத்துக்கு முந்தின வருடம் மலேசியாவின் லங்காவித் தீவில் ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, நான், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேரும் நான்கு நாள் அதிலேயே தங்கினோம். "கடலே பார்க்காத ஊர்க்காரங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டவர்கள் நிறைய. ஆனால் இதற்கு வேண்டிய பயிற்சியில் முக்கால்வாசியை நம் ஊர்ப் பக்கத்திலேயே முடித்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

முதலில் தேதி

லங்காவியில் டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு, வடகிழக்குக் காற்று சீராக வீசும். நம் பிள்ளைகளின் மே மாத விடுமுறை அங்கே மழைக்காலத்தின் தொடக்கம். அதனால் அரையாண்டுத் தேர்வு விடுமுறைதான் பொருத்தம். அப்போது கூட்டமும் வாடகையும் அதிகம் என்பதால் ஆறு மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். பெங்களூரிலிருந்து கோலாலம்பூருக்கு நான்கு மணி நேரம், அங்கிருந்து லங்காவிக்கு ஒரு மணி நேரம். இந்தியர்களுக்கான விசா விலக்கு 2023 டிசம்பரில் தொடங்கியது. டிக்கெட் போடும் முன் அன்றைய நிலவரத்தை ஒருமுறை பாருங்கள். போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், குழந்தைகளுக்கும் தனித்தனியாக.

படகும் கேப்டனும்

படகை மட்டும் எடுத்து நாமே ஓட்டுவதை 'பேர்போட்' என்பார்கள். அதற்கு அனுபவமும் சான்றிதழும் கேட்பார்கள், நமக்கு வேண்டாம். கேப்டனோடு சேர்த்து எடுங்கள். அவருக்கும் படுக்க ஓர் அறை, மூன்று வேளை சாப்பாடு உண்டு என்பதைக் கணக்கில் வையுங்கள். படகு வகையில் என் ஓட்டு 'கட்டமரான்' பக்கம். நம் கட்டுமரத்திலிருந்து போன பெயர்தான். இரண்டு அடிப்பாகம் இருப்பதால் அதிகம் சாயாது, வயதானவர்கள் நிம்மதியாக உட்காரலாம்.

பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: கேப்டன் சம்பளம், டீசல், துறைமுகக் கட்டணம் வாடகைக்குள் அடங்குமா, முன்வைப்புத் தொகை (டெபாசிட்) எவ்வளவு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும். முன்வைப்புத் தொகையைப் பெரும்பாலும் கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்திருங்கள்.

இன்னொன்று, இதில் நாங்கள் அடிபட்டோம். "லைஃப் ஜாக்கெட் எல்லாம் இருக்கு சார்" என்ற வாய்ச்சொல்லை நம்பிப் போனால், இருந்தவை எல்லாம் பெரியவர்கள் அளவு. சின்னவனுக்குச் சரியானது வந்து சேர அரை நாள் போனது. பிள்ளைகளின் எடையைக் கிலோவில் எழுதி அனுப்பி, அந்த எடைக்கான ஜாக்கெட்டின் படத்தைக் கேளுங்கள். போட்டுப் பார்க்கும் முறை எளிது: எல்லாப் பட்டைகளையும் இறுக்கிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் மட்டும் காது வரை ஏறி வந்தால் அது பெரிது. குழந்தைக்குக் கால்களுக்கு நடுவே போகும் பட்டையும் இருக்க வேண்டும்.

ஊரிலேயே பயிற்சி

நீச்சலை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். நான் சித்தப்பா கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிக் கற்றவன், பிள்ளைகள் நீச்சல் குளத்தில் கற்றார்கள். எங்கே என்பது முக்கியமில்லை, பயமில்லாமல் ஐந்து நிமிடம் மிதக்கத் தெரிந்தால் போதும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல். நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், செய்தியில் கன அடி கணக்கைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பரிசலில் ஒருவர் சட்டென்று எழுந்தாலே மொத்தமும் ஆடும். பரிசல்காரர் "உட்காருங்கம்மா" என்றதும் அம்மா அப்படியே உட்கார்ந்தார். ஓட்டுபவர் சொன்ன உடனே, ஏன் என்று கேட்காமல் செய்யும் பழக்கம்தான் கடலிலும் வேண்டும்.

முடிச்சு ஒன்று போதும்: 'போலின்'. மாட்டுக் கயிற்றை வைத்துப் பழகினோம். கயிற்றின் நடுவில் ஒரு சின்ன வளையம் போடுங்கள். நுனியை அதற்குள் கீழிருந்து மேலே எடுத்து, நீளமான பகுதியின் பின்னால் சுற்றி, அதே வளையத்துக்குள் திரும்பக் கீழே விட்டு இறுக்குங்கள். உருவாஞ்சுருக்கு இழுத்தால் இறுகும். இதன் கண்ணி எவ்வளவு இழுத்தாலும் சுருங்காது, பாரம் இறங்கியதும் சுலபமாக அவிழும்.

பை, துணி, சாப்பாடு

சக்கரம் வைத்த பெட்டி வேண்டவே வேண்டாம். படகில் அதை வைக்க இடம் கிடையாது. மடித்துச் சொருகக் கூடிய துணிப் பைகள்தான். கயிறு சுற்றும் உருளையில் முந்தானை மாட்டும் என்பதால் அம்மா நான்கு நாளும் சுடிதார். முழுக்கை பருத்திச் சட்டை, தாடையில் கட்டும் தொப்பி, சன்ஸ்கிரீன் எல்லோருக்கும்.

புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வறுத்த ராகி மாவு எடுத்துப் போனோம். மாம்பழம் உள்பட பதப்படுத்தாத பழங்களை அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது.

தண்ணீர் தொட்டியில் இருப்பது அளவான தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் குடத்தை எண்ணிச் செலவழித்த வீடுகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடலில் குளித்துவிட்டு, படகின் பின்புறக் குழாயில் ஒரு சொம்பு அளவு நல்ல தண்ணீரில் அலசினால் போதும். கழிவறைக்குள் நாப்கின், ஈரத் துடைப்பான் எதுவும் போடக் கூடாது. குழாய் அடைத்தால் நடுக்கடலில் பிளம்பர் வர மாட்டார்.

குமட்டல்

மாத்திரை வாந்தி வந்த பிறகு அவ்வளவாக வேலை செய்யாது, கிளம்பும் முன்பே போட வேண்டும். எந்த மாத்திரை, குழந்தைக்கு எவ்வளவு என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். இஞ்சி மொரப்பா கையில் இருக்கட்டும். தலை சுற்றினால் கீழ் அறைக்குப் போகாதீர்கள், போனைப் பார்க்காதீர்கள். வெளியே உட்கார்ந்து தூரத்துக் கடல்கோட்டைப் பாருங்கள். என் மனைவிக்கு முதல் நாள் மாலை வரை இருந்தது, இரண்டாம் நாள் காலையில் அவளே உப்புமா கிண்டினாள்.

படகில் ஏறிய முதல் மணி நேரம்

கேப்டன் எல்லாவற்றையும் காட்டுவார். நீங்களாகக் கேட்க வேண்டியது: தீயணைப்பான் எங்கே, சமையல் கேஸை எங்கே மூடுவது, வானொலியில் உதவி கேட்பது எப்படி. அவசர அழைப்புக்கு 16-ஆம் அலைவரிசை, பெரியவர்கள் இரண்டு பேருக்காவது பொத்தானை அழுத்தி அதில் பேசத் தெரிய வேண்டும். பாயின் அடியில் 'பூம்' என்று நீளமான குறுக்குக் கட்டை இருக்கும். காற்று மாறினால் அது சடாரென்று மறுபக்கம் வீசும், அதன் வழியில் பிள்ளைகள் நிற்கக் கூடாது. நடக்கும்போது டவுன் பஸ்ஸில் போல ஒரு கை எப்போதும் கம்பியில்.

ஆள் விழுந்தால் என்ன செய்வது என்பதையும் அன்றே செய்து பாருங்கள். எங்கள் கேப்டன் சொல்லாமல் ஒரு தேங்காயைக் கடலில் போட்டார். தண்ணீரில் மனிதத் தலை அவ்வளவுதான் தெரியுமாம். ஒருவர் மிதவை வளையத்தை வீச வேண்டும், ஒருவர் விரலை நீட்டியபடி கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். அந்த வேலை என் மகளுக்கு. பாயை இறக்கி, படகைத் திருப்பி, அருகே வந்து வலையால் அள்ளும் வரை அவள் நீட்டிய கை இறங்கவே இல்லை. அன்றிரவு அந்தத் தேங்காயை உடைத்துத்தான் சட்னி அரைத்தோம்.