துபாய்க் கோடையில் குளிக்க ஒரு வழி

பினாங்கில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி அடுத்த மாதம் துபாய்க்கு வேலைக்குப் போகிறான். அவனிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

ஜூலையில் அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டைமாடித் தொட்டி வெயிலில் சூடேறி, பச்சைத்தண்ணீர்க் குழாயே கையைச் சுடும். முதல் கோடையில் என் மகளைக் குளிப்பாட்ட வழியில்லாமல் தவித்துப் போனேன். வாளி வாளியாகப் பிடித்து இரவெல்லாம் ஆறவைத்தேன்.

பிறகுதான் புரிந்தது. அங்கே ஹீட்டர் நம் ஊரில் போல உடனே சூடாக்கும் சின்னப் பெட்டி அல்ல, தண்ணீர் நிற்கும் கலன். கோடை தொடங்கியதும் அதன் சுவிட்சை அணைத்துவிட்டேன். ஏசி ஓடும் வீட்டுக்குள் இருப்பதால் அதிலுள்ள தண்ணீர் மெல்ல ஆறிவிடும். சிவப்புக் குறியுள்ள சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் இதமாக வரும். எங்களுடையது 50 லிட்டர். தீர்ந்தால் மறுபடி ஆற வெகுநேரமாகும். அதனால் பிள்ளைகளை முதலில் குளிக்க வையுங்கள்.