வீட்டு ஒலிப்பதிவு அறைக்குக் குறைந்த செலவில் ஒலித்தடுப்புப் பொருள்கள்

வீட்டில் ஒலிப்பதிவு அறை அமைக்க முனைவோர் பெரும்பாலும் முதலில் வாங்குவது கூம்பு கூம்பாக வெட்டிய ஸ்பாஞ்ச் தகடுகளைத்தான். அவற்றைச் சுவரெங்கும் ஒட்டி முடித்த பிறகும் தெருவில் போகும் வண்டியின் இரைச்சல் மைக்கில் முன்போலவே விழுகிறது. வெளிச்சத்தத்தைத் தடுப்பது ஒரு வேலை; அறைக்குள் எழும் எதிரொலியை அடக்குவது வேறொரு வேலை. முன்னதற்கு எடையும் இடைவெளியற்ற அடைப்பும் வேண்டும். பின்னதற்குக் காற்று புகுந்து செல்லும் இழைப்பொருள் வேண்டும். அறையில் ஒரு நிமிடம் பேசாமல் இருந்து பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். பிறகு ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். பதிவில் வெளிச்சத்தம் கேட்டால் தடுப்புக்கும், தட்டிய ஓசை நீண்டு ஒலித்தால் எதிரொலியை அடக்கவும் செலவிட வேண்டும் என்பது அப்போதே ஏறக்குறைய விளங்கிவிடும்.

தடுப்பு வேலையில் மிக மலிவானதும் மிகுந்த பலன் தருவதும் இடுக்குகளை அடைப்பதே. சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் மொத்தத் தடுப்பு, ஒலியை அளக்கும் அலகான டெசிபலில், 20ஐத் தாண்டாது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். கதவின் அடியிலும் நிலையின் ஓரத்திலும் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சத்தமும் கசியும். அசையாத விரிசல்களுக்கு அவற்றை நிரப்பி அடைக்கும் பசையான சீலண்ட், கதவு வந்து மோதும் விளிம்புகளுக்கு ஒட்டும் ரப்பர் பட்டை, கதவின் அடிப்பகுதிக்கு ரப்பர் நாக்குடைய பட்டை ஆகியவை எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.

அடுத்தது எடை. ஒரு தடுப்பின் எடையை இருமடங்காக்கினால் கோட்பாட்டளவில் 6 டெசிபல் அளவுக்குத் தடுப்பு கூடும். செங்கல் சுவர் ஏற்கெனவே கனமானது என்பதால் அதில் பணத்தைப் போட வேண்டாம். சத்தம் வருவது பெரும்பாலும் சன்னல் வழியாகவும் உள்ளே கூடான கதவு வழியாகவுமே. கதவின் மீது தடித்த பிளைவுட்டைத் திருகி முடுக்கலாம், ஆனால் கூடுதல் எடையைக் கீல்கள் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். சன்னலுக்கு, அதன் நிலைக்குள் இறுகப் பொருந்தும் அளவில் பலகை ஒன்றை வெட்டி, சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டி, கழற்றி எடுக்கக் கைப்பிடி வைத்தால் போதும். சுவரே மெல்லிய பலகைத் தடுப்பாக இருந்தால் மட்டும் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு பொருத்துங்கள். ஓர் அடுக்கின் மூட்டு மற்றதன் மூட்டின் மேல் வரக்கூடாது.

எதிரொலிக்கு, ஒலிப்பதிவுப் பொருள் என்ற பெயரில் விற்பதை விட்டுவிட்டு, கட்டட வெப்பத்தடுப்புப் பொருள் விற்போரிடம் ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) பலகை கேளுங்கள். ஏசி குழாய் வேலை செய்பவர்களிடம் மிச்சம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு கன மீட்டருக்கு 40 முதல் 60 கிலோ வரை அடர்த்தியும் 100 மி.மீ. தடிமனும் உள்ளதை மரச்சட்டத்தில் வைத்துத் துணி போர்த்தலாம். துணியை வாயருகே பிடித்து ஊதும்போது மூச்சு தாராளமாக மறுபுறம் போனால்தான் அது ஏற்றது. வெட்டும்போது முகமூடியும் கையுறையும் கட்டாயம், இழை தோலில் பட்டால் நாள் முழுதும் அரிக்கும். நொடிக்கு 100 முறை அதிரும் (100 ஹெர்ட்ஸ்) தாழ்ந்த ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர் என்பதால், மெல்லிய தகடு அதை ஒன்றும் செய்யாது. ஆகவே சட்டங்களைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளியும், தடித்தவற்றை மூலைகளிலும் நிறுத்துங்கள். பழைய மெத்தை, துணி நிறைந்த திறந்த அலமாரி ஆகியவையும் ஓரளவு உதவும். மெல்லிய கம்பளம் மட்டும் விரித்தால் கூரிய ஒலி மட்டும் அடங்கி அறை மந்தமாகிவிடும்.

முட்டை அட்டையும் தெர்மோகோலும் சத்தத்தைத் தடுப்பதில்லை, எளிதில் தீப்பற்றவும் செய்யும். சாதாரண ஸ்பாஞ்சும் அப்படியே: 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் மேடை வாணவேடிக்கையின் பொறி சுவர் ஸ்பாஞ்சில் பற்றி 100 பேர் உயிரிழந்தனர். தீத்தடுப்புச் சான்று இல்லாத ஸ்பாஞ்ச் எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள்.

இறுக அடைத்த அறையில் காற்றோட்டமும் நின்றுவிடும் என்பதால், ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடையே சன்னல் பலகையைக் கழற்றி வைப்பது நல்லது.