புது ப்ரொசெசரை அதன் போட்டியாளர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் பூட்டிக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் அரைவாசிப் பேர் கல்யாண வீடியோக்காரர், மிச்சம் கேம் விளையாடுகிற பெடியள், இடையிடையே கம்பஸ் பிள்ளைகள். கொம்பியூட்டரின் மூளையான ப்ரொசெசரில் புதிது ஒன்று வந்துவிட்டால் எல்லாரிடமும் இருந்து ஒரே கேள்விதான் வரும்: "அண்ணை, இன்டெல்லா ஏஎம்டியா, எது திறம்?" இன்டெல், ஏஎம்டி இரண்டும் ப்ரொசெசர் செய்கிற கம்பனிகள். நான் திருப்பிக் கேட்பது, "என்ன வேலைக்கு, எவ்வளவு காசுக்கு?" என்று. ஒப்பீடு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் எதை எதோடு வைத்துப் பார்ப்பது என்று முடிவெடுங்கள். பெயரில் '5' இருக்கிறது, '7' இருக்கிறது என்று சோடி சேர்க்காதீர்கள், விலையைப் பார்த்துச் சேருங்கள். 2024 ஓகஸ்டில் வந்த ஏஎம்டியின் ரைசன் 5 9600எக்ஸை எடுப்போம். வெளிவந்தபோது 279 டொலர். அதே ஆண்டு ஒக்டோபரில் வந்த இன்டெல்லின் கோர் அல்ட்ரா 5 245கே 309 டொலர். 2023 ஒக்டோபரில் வந்த இன்டெல்லின் கோர் ஐ5 14600கே 319 டொலர். இவை மூன்றும் ஒரே பந்தியில் இருக்கக்கூடியவை. கோர், அதாவது ப்ரொசெசருக்குள் வேலை செய்கிற அலகு, எத்தனை என்பதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ரைசனில் 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்). 245கேயில் 14 கோர், 14 த்ரெட். 14600கேயில் 14 கோர், 20 த்ரெட். இன்டெல்லின் அந்த 14 கோரில் 6 தான் பெரியவை, மற்ற 8 சின்னவை.

அடுத்தது, நீங்கள் பார்க்கிற சோதனை எப்போது செய்யப்பட்டது என்று பாருங்கள். இதை யாரும் கவனிப்பதே இல்லை. 9600எக்ஸ் இருக்கிற ரைசன் 9000 வரிசை வந்த மாதமே அதற்கு வேகம் கூட்டுகிற விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்தது. கோர் அல்ட்ரா முதல் நாளில் கேம்களில் சறுக்கியது, பிறகு பயாஸிலும் (போர்டின் அடிப்படை மென்பொருள்) விண்டோஸிலும் திருத்தங்கள் வந்தன. அதனால் வெளியீட்டு நாள் வீடியோவை நம்பி இன்றைக்கு வாங்குவது சரிவராது. அதே ஆள் சில மாதம் கழித்துத் திரும்பச் சோதித்தது இருந்தால் அதைத் தேடிப் பாருங்கள்.

வரைபடத்தில் கோடு பூச்சியத்தில் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 90இல் தொடங்கினால் நாலு வீத வித்தியாசமும் பெரிய இடைவெளி போலத் தெரியும். கம்பனி வெளியிடுகிற படங்களில் அடியில் இருக்கிற பொடி எழுத்தையும் வாசியுங்கள், எந்த ரேம், எந்தப் பவர் லிமிட் (மின்சார வரம்பு) என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கும். வீதக் கணக்கிலும் ஒரு சுழி உண்டு. எடிட் செய்த வீடியோவைக் கடைசிக் கோப்பாக ஆக்குகிற ஒரு ரெண்டர் 20 நிமிடத்தில் இருந்து 16 நிமிடத்துக்கு இறங்கினால் நேரம் 20 வீதம் குறைந்தது என்றும் சொல்லலாம், வேகம் 25 வீதம் கூடியது என்றும் சொல்லலாம். இரண்டும் சரிதான். விற்கிறவர் எதைச் சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

கேம் சோதனைகளில் ப்ரொசெசரின் வித்தியாசம் வெளியே தெரியவேண்டும் என்பதற்காக ஆகப் பெரிய கிராபிக்ஸ் கார்டைப் போட்டு 1080பி என்ற குறைந்த திரைத் தெளிவில் ஓட்டுவார்கள். அது முறையான சோதனைதான். ஆனால் உங்களிடம் இருப்பது நடுத்தரக் கார்டான ஆர்டிஎக்ஸ் 3060 என்றால், செட்டிங்கை உயர்த்தியதும் கார்ட்தான் முதலில் களைக்கும், சோதனையில் கண்ட இடைவெளி காணாமல் போய்விடும். சராசரி எஃப்பிஎஸ்ஸை (செக்கனுக்கு எத்தனை படம்) விட, ஆக மெதுவான 1 வீதத்தைச் சொல்லுகிற '1 வீத லோ' என்ற எண்ணைப் பாருங்கள். கேம் இடையில் திக்குவது அதில்தான் தெரியும்.

வீடியோக்காரருக்கு வேறு கதை. சோனி ஏ7 IV போன்ற கமராக்கள் 4கேயில் ஹெச்இவிசி 4:2:2 10 பிட் என்ற, நிற விபரம் கூடின சுருக்கக் கோப்பு வகையில் பதிவு செய்யக்கூடியவை. இந்தக் கோப்பை விரித்துக் காட்டும் வசதி இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் (ப்ரொசெசருக்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ்) 11ஆம் தலைமுறை முதல் இருக்கிறது. ரைசனின் உள் கிராபிக்ஸில் இல்லை. என்விடியாவின் கார்ட்களில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. ப்ரொசெசர் வேகத்தை அளக்கிற சினிபெஞ்ச் மென்பொருளின் இலக்கம் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. இந்த வகைக் கோப்புகளை எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் போட்டு, இரண்டு கமரா அடுக்கி, தாலி கட்டுகிற இடத்தில் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். சினிபெஞ்சில் முன்னுக்கு நிற்கிற மிஷின் இங்கே திக்கித் திணறலாம். கவனம், பெயரின் கடைசியில் 'எஃப்' இருக்கிற இன்டெல்லில் உள் கிராபிக்ஸ் வேலை செய்யாது. கொஞ்சக் காசு மிச்சம் பிடிக்கப் போய் இந்த வசதியை இழக்கவேண்டாம். தனிக் கார்ட் போட்டதும் சில போர்டுகள் உள் கிராபிக்ஸை நிறுத்திவிடும், பயாஸில் போய் அதை இயக்கி வையுங்கள்.

சரி, இனி எங்கள் வெக்கை. வெளிநாட்டுச் சோதனைக்காரரின் அறை பெரும்பாலும் 20, 25 பாகை. சித்திரை மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு, தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற ஸ்ரூடியோ அப்படி இருக்காது. அறை 10 பாகை கூடினால் ப்ரொசெசரும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். அதனால் பூட்டியவரிடம் இந்தச் சோதனையைக் கேளுங்கள், அல்லது நீங்களே செய்யுங்கள். ஏசியை நிறுத்திவிட்டு, பெட்டியின் பக்கத் தகட்டை மூடி, சினிபெஞ்ச் 2024ஐ 10 நிமிட ஓட்டத்தில் விடுங்கள். பக்கத்தில் வெப்பத்தையும் வேகத்தையும் காட்டுகிற எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் திறந்திருக்கட்டும். அதில் பார்க்கவேண்டியது மூன்று: வெப்பம், பாக்கேஜ் பவர் (ப்ரொசெசர் இழுக்கிற மின்சாரம்), எஃபெக்டிவ் குளொக் (உண்மையில் ஓடுகிற வேகம்). முதல் நிமிடம் எல்லாம் அழகாக இருக்கும். ஆறாம் ஏழாம் நிமிடத்தில் வெப்பம் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டு குளொக் படிப்படியாக இறங்குகிறது என்றால், விமர்சனத்தில் கண்ட இலக்கம் உங்களுக்குக் கிடைக்காது. இரண்டு மிஷினை ஒப்பிடும்போது கூலர், ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் பதிப்பு எல்லாம் ஒன்றாக இருக்கவேண்டும். ரேம் ஒரு குச்சியா இரண்டு குச்சியா, ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கிற எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி பயாஸில் போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதை விட்டுவிட்டு ப்ரொசெசரைக் குறை சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

கரண்ட் கணக்கும் இதோடு சேரும். முழுப் பாரத்தில் உச்ச வரம்பு 9600எக்ஸுக்கு 88 வாட், 245கேக்கு 159, 14600கேக்கு 181. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் முழுப் பாரத்தில் ரெண்டர் என்று வைத்தால், முதலாவதற்கும் கடைசிக்கும் மாதம் கிட்டத்தட்ட 11 யூனிட் வித்தியாசம். பில் அடுத்த படிக்குத் தாவும் விளிம்பில் நிற்கிற வீட்டுக்கு அது பெரிய விஷயம். யூபிஎஸ்ஸையும் பாருங்கள். 650 விஏ என்பது 650 வாட் இல்லை, வாட் அதைவிடக் குறைவு, பின்னால் ஒட்டியிருக்கும். ரெண்டர் நடக்கும்போது கரண்ட் போனால் அது தாங்குமா என்று வாங்கமுன் கூட்டிப் பார்க்கவேண்டும்.

விலையை ப்ரொசெசருக்கு மட்டும் பார்க்காமல் போர்ட், ரேம், கூலர் மூன்றையும் சேர்த்து ரூபாவில் எழுதுங்கள். 9600எக்ஸும் 245கேயும் டிடிஆர்5 ரேம் மட்டும்தான் எடுக்கும், 14600கேக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு. கையில் நல்ல டிடிஆர்4 ரேம் வைத்திருப்பவருக்கு அங்கே கணக்கே மாறிவிடும். மூன்றிலும் பெட்டிக்குள் கூலர் வராது. 9600எக்ஸ் பூட்டுகிற ஏஎம்5 சொக்கெட்டை 2027 வரையாவது ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது, ஆகவே பிறகு ப்ரொசெசரை மட்டும் மாற்ற நினைப்பவர் அதையும் கணக்கில் எடுக்கலாம். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் இரண்டாயிரம் மலிவு என்று யாராவது சொன்னால், வாரன்ரிக்கு அனுப்பி எடுக்கிற செலவையும், கல்யாண சீசனில் மிஷின் இல்லாமல் இருக்கிற நாட்களையும் அதோடு கூட்டுங்கள்.

பாவித்த 14600கே மலிவாக வந்தால் இன்னொன்றும் பார்க்கவேண்டும். இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறையின் சில ப்ரொசெசர்களில் மின்னழுத்தக் கோளாறால் காலப்போக்கில் கெடுகிற பிரச்சினை இருந்தது. 2024 ஓகஸ்டில் அதற்கு பயாஸ் வழியாக மைக்ரோகோட் திருத்தம் வந்தது, பிறகும் வந்தது. ஏற்கெனவே கெட்டுப்போனதைத் திருத்தம் சரிசெய்யாது. பழைய பயாஸோடு ஓடிய ப்ரொசெசர் என்றால், அந்த 10 நிமிட ஓட்டத்தை விற்கிறவரின் முன்னாலேயே வைத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.